வாலறுந்த முகவரி

தெய்வானை பிள்ளைகளுக்கு விஷம் வைக்கவில்லை என்று விசாரணைக் குழு சொல்லிவிட்டது. பள்ளிக்கூடத்துக் கிணற்றில் பக்கத்துத் தென்னந்தோப்பின் பூச்சிமருந்து கசிந்திருந்தது. பிள்ளைகள் அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் மயங்கி விழுந்திருந்தார்கள். தெய்வானை தன் வீட்டில் சமைத்து அனுப்பிய தக்காளிச் சோற்றில் ஒரு குறையும் இல்லை. அந்தப் பள்ளியில் அறிவியல் நடத்திய ஜெசிந்தா இதையெல்லாம் விளக்கித் தன் வலைப்பூவில் ஒரு கட்டுரை எழுதினாள். தலைப்பிலேயே விஷயத்தைச் சொல்லியிருந்தாள்: 'தெய்வானை பிள்ளைகளுக்கு விஷம் வைக்கவில்லை.'

ஆனால் பொள்ளாச்சியில் யாராவது தங்கள் காதிலிருந்த சொல்லியிடம் "தெய்வானை யார்?" என்று கேட்டால், அது இனிமையான குரலில் ஒரே பதிலைத்தான் சொன்னது.

"பள்ளிப் பிள்ளைகளுக்கு விஷம் வைத்தவர்."

சொல்லி மிளகளவுக் கருவி. அது இல்லாத காது அந்த நாளில் இல்லை. எதிரே வருபவரின் முகத்தைப் பார்த்துப் பெயரைச் சொல்லும். பெயரைக் கேட்டால் ஆளைப் பற்றிச் சொல்லும். வந்த புதிதில் அது வலைப்பக்கங்களை முழுக்கப் படித்துவிட்டுத்தான் வாய் திறந்தது. ஆனால் அத்தனை பக்கங்களையும் படிக்கிற இயந்திரங்களைக் குளிர்விக்க ஆற்றுத் தண்ணீர் போதவில்லை. ஒரு கோடையில் நகரங்கள் குடிநீருக்கே தவித்துப் போனதும் அரசு ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. சொல்லி இனிமேல் பக்கங்களைப் படிக்கக் கூடாது. அவற்றின் இணைய முகவரியை மட்டும் படித்துப் பதில் சொல்லட்டும்.

மனிதர்கள் பக்கங்களைப் படிப்பதை அதற்கு வெகுகாலம் முன்பே நிறுத்தியிருந்தார்கள்.

ஜெசிந்தாவின் கட்டுரை வெளியான வாரமே தெய்வானைக்குச் சமையல் வேலை நின்றுபோனது. பள்ளிகள் வேண்டாம் என்றன. கல்யாண வீடுகள் வேண்டாம் என்றன. கடையில் பருப்பு வாங்கப் போனால்கூட ஆட்கள் விலகி நின்றார்கள். அவள் கணவன் ஆறுச்சாமிக்கு மட்டும் மனிதர்கள் மீது நம்பிக்கை போகவில்லை.

"நாம வீட்டுக்குள்ள பதுங்கீட்டமுன்னா தப்புப் பண்ணுனவங்கன்னே ஆயிருமுல்ல?" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு வருடமும் போவதுபோலக் கோயில் அன்னதானத்துக்குப் பரிமாறப் போனான். பந்தியில் உட்கார்ந்திருந்த ஒரு வெளியூர்க்காரர், சாம்பார் ஊற்றுகிற இந்த மனிதர் யார் என்று சும்மா கேட்டார். பிள்ளைகளுக்கு விஷம் வைத்தவரின் கணவர் என்று சொல்லி சொன்னது. அவர் இலையைத் தள்ளிவிட்டு எழுந்து கத்தினார். பிறகு யார் முதலில் அடித்தது என்று போலீஸாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆறுச்சாமி ஆஸ்பத்திரியில் கண் திறக்காமலே போய்ச் சேர்ந்தான்.

காரியமெல்லாம் முடிந்தபின் தெய்வானை ஜெசிந்தாவைக் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூருக்குப் போனாள். அந்தக் கட்டுரைக்கு முகவரி வைத்துக் கொடுத்தவன் அங்கே இருந்தான். தயாபரன் என்று பெயர். வலைப்பூக்காரர்கள், கடைக்காரர்கள், ஆஸ்பத்திரிகள் என்று எல்லோரும் அவனிடம் வந்தார்கள். சொல்லி எளிதாகக் கண்டுபிடிக்கிற மாதிரி ஒரு பக்கத்துக்கு முகவரி வைப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. முப்பத்தைந்து வயதிருக்கும். அறைக்கு வெளியே செருப்பு விட்டவர்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான்.

"நீங்க வெச்ச முகவரிய ஒருக்கா படிச்சுக் காட்டுங்க தம்பி," என்றாள் தெய்வானை.

அவன் திரையைப் பார்த்துப் படித்தான். "தெய்வானை, பிள்ளை, விஷம், வை."

"டீச்சரு எழுதுனது அப்படி இல்லீங்களே?"

"தலைப்பு வேறங்க்கா, முகவரி வேற. முகவரி சின்னதா இருக்கணும். சனங்க எந்தச் சொல்லப் போட்டுத் தேடுவாங்களோ அது முன்னால நிக்கணும். வேர்ச்சொல்லு மட்டும் போதும், வாலை நறுக்கிறணும். 'பிள்ளைகளுக்கு' வேண்டாம், 'பிள்ளை' போதும். 'வைக்கவில்லை' வேண்டாம், 'வை' போதும். வால் நீளமா இருந்தா சொல்லி அதைக் கடைசிக்குத் தள்ளீரும்."

"அந்த வால்லதான சார் 'இல்லை'யே இருக்குது!" என்றாள் ஜெசிந்தா. "தமிழ்ல 'இல்லை' வினைச்சொல்லோட ஒட்டித்தான வரும்? அதை நறுக்குனா அர்த்தமே தலைகீழா மாறீருமே."

"விதி எழுதுனவங்க நம்ம பாஷை தெரியாதவங்க டீச்சர். அவங்க பாஷையில 'இல்லை' தனியா நிக்கும்போல."

"உங்களுக்குத் தமிழ் தெரியுமே தம்பி," என்றாள் தெய்வானை. "வெக்கும்போது நீங்க பாக்கலீங்களா?"

தயாபரன் மழுப்பியிருக்கலாம். ஆனால் தன் தொழிலைப் பற்றி யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவது அவன் சுபாவம்.

"பாத்தேங்க. ஆனா 'விஷம் வைக்கவில்லை'ன்னு யாருங்க தேடுவாங்க? 'விஷம் வெச்சாளா'ன்னுதான தேடுவாங்க? அந்த வருஷம் நான் வெச்ச முகவரியிலயே அதுதாங்க ரொம்பப் பேருக்குப் போய்ச் சேர்ந்துச்சு. கிளாஸ் எடுக்கறப்பக்கூட அதைத்தான் உதாரணமாக் காட்டறேன்."

"மாத்திக் குடுத்துருங்க."

"முகவரிய மாத்த முடியாதுங்க. மாத்துனா அதைப் பிடிச்சுட்டு வர்றவங்களுக்கு வழி தொலைஞ்சுரும். அதனால ஒருக்கா வெச்சா வெச்சதுதான்னு சட்டமே போட்டுட்டாங்க."

"அப்ப அழிச்சுப் போடுங்க."

"அழிச்சா, சொல்லி அதை யாரோ உண்மைய மறைக்கறாங்கன்னு நெனச்சுக்கும். இன்னும் பலமாச் சொல்லும்."

"எங்க வீட்டுக்காரரு செத்துப்போனாருங்க தம்பி."

"கேள்விப்பட்டேங்க. மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு." அவன் உண்மையாகவே வருத்தப்படுகிறவன்போல் இருந்தான். "ஆனா நான் விதிப்படிதான வெச்சேன்? நான் என்னங்க தப்புப் பண்ணுனேன்?"

தெய்வானை எழுந்து வெளியே போய்ச் செருப்பை மாட்டினாள். படியிறங்கி வரும்போது அவள் அழுவாள் என்று ஜெசிந்தா எதிர்பார்த்தாள். கைக்குட்டையைக்கூட எடுத்து வைத்துக்கொண்டாள். தெய்வானையின் கண் காய்ந்திருந்தது.

"டீச்சர், இந்த முகவரி வெக்கற தொழில எனக்குச் சொல்லிக் குடுங்க."

"எதுக்குக்கா?"

"அவன் பேர்ல நாலு நல்ல வார்த்தை எழுதோணும்."

தயாபரன் தன் பாடங்களை இலவசமாகவே இணையத்தில் போட்டு வைத்திருந்தான். தெய்வானை அவற்றை ஒன்று விடாமல் பார்த்தாள். ஜெசிந்தா புரியாததை விளக்கினாள். எந்தச் சொல் முன்னால் வர வேண்டும், எதை விட வேண்டும், எங்கே நறுக்க வேண்டும் என்பதெல்லாம் ஒரு மாதத்துக்குள் தெய்வானைக்குப் பிடிபட்டுவிட்டது. மல்லித்தழையின் காம்பைக் கிள்ளி எறிகிறமாதிரி வினைச்சொற்களின் வாலைக் கிள்ளி எறிந்தாள். பிறகு ஒரு வலைப்பூ தொடங்கினாள். அதற்கு என்ன பெயர் வைப்பது என்று ஜெசிந்தா கேட்டபோது, "எம்பேரையே வெய்யுங்க டீச்சர். ஒளிஞ்சுட்டு எழுதறதுக்கு நானென்ன பொய்யா எழுதப்போறேன்?" என்றாள்.

முதல் கட்டுரைக்கு 'தயாபரன் வாடிக்கையாளர்களை ஏமாற்றியதில்லை' என்று தலைப்பு வைத்தாள். அவன் எத்தனை அன்பாகத் தண்ணீர் கொடுத்தான், எத்தனை நேர்மையாகப் பேசினான் என்று உள்ளே விவரமாக எழுதினாள். முகவரியை அவன் சொல்லிக்கொடுத்தபடியே வைத்தாள்: தயாபரன்-வாடிக்கையாளர்-ஏமாற்று.

அடுத்தது, 'தயாபரன் பெற்ற தாயை அடித்தவர் இல்லை.' முகவரி: தயாபரன்-தாய்-அடி.

மூன்றாவதை எழுதும்போது ஜெசிந்தா தடுத்தாள். "இது வேண்டாங்க்கா. இதுல ஆள் உசுரே போயிரும்."

"எங்க ஊட்டுல போகலியா?"

தலைப்பு, 'தயாபரன் குழந்தைகளைக் கடத்துவதில்லை.' முகவரி, தயாபரன்-குழந்தை-கடத்து. தெய்வானையே பொத்தானை அமுக்கினாள். அன்றிலிருந்து ஜெசிந்தா அவள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள்.

ஒருவர் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்வதைச் சொல்லி நம்பாது. அடுத்தவர் எழுதியதைத்தான் நம்பும். அதனால் தயாபரன் எழுதிய மறுப்புகள் ஒன்றும் எடுபடவில்லை. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். அவன் போலீஸில் புகார் கொடுத்தான். பொள்ளாச்சி இன்ஸ்பெக்டர் தெய்வானையை வரவழைத்தார். சங்கரபாண்டியன் என்று பெயர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர்.

"இவரப் பத்தி நீ என்னம்மா எழுதிருக்க?"

"நல்லவருன்னுதாங்க எழுதியிருக்கறேன். நீங்களே படிச்சுப் பாருங்க."

அவர் மெனக்கெட்டுப் பக்கத்தைத் திறந்து முழுக்கப் படித்தார். படிக்கப் படிக்கக் குழம்பினார். பிறகு தயாபரனைப் பார்த்தார்.

"ஏன்யா, நீ பிள்ளை பிடிக்கிறவன் இல்லன்னுதான இந்தம்மா எழுதிருக்கு? இதுல என்ன கேஸ் போடச் சொல்லுத?"

"முகவரியப் பாருங்க சார்!"

"முகவரி யாரு சொல்லிக்குடுத்த முறையில வெச்சிருக்குதுங்க?" என்று தெய்வானை கேட்டாள்.

தயாபரன் புகார்த் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டான். அவன் முகத்தைத் தெய்வானை ஆசைதீரப் பார்த்தாள். வெகுநாள் கழித்து அன்று அவள் தனக்கென்று உலை வைத்துச் சுடுசோறு சாப்பிட்டாள். காலையில் காபி ஆற்றிக்கொண்டே சொல்லியிடம் "தயாபரன் யார்?" என்று கேட்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. அது சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, திரும்பவும் ஒருமுறை சொல்லச் சொல்லுவாள். அதில் அவளுக்கு வெட்கமோ உறுத்தலோ இல்லை. ஆறுச்சாமியின் போட்டோவுக்கு முன்னால் நின்றுகொண்டுதான் கேட்பாள்.

தயாபரனுக்கு ஒரு பெண்குழந்தை இருந்தது. தவழத் தொடங்கியிருந்த பருவம். ஒரு நாள் உக்கடம் பேருந்து நிலையத்தில் அவன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். மனைவி மைதிலி பிஸ்கட் வாங்கப் போயிருந்தாள். குழந்தை பசிக்கு வீறிட்டு அழுதது. பக்கத்தில் நின்ற பெண், அழுகிற குழந்தையையும் தடுமாறுகிற ஆளையும் பார்த்துவிட்டுச் சொல்லியைக் கேட்டாள். மைதிலி திரும்பி வருவதற்குள் அவனுடைய முன்பற்கள் உடைந்திருந்தன. குழந்தை வேறு யாருடைய கையிலோ இருந்தது. தான் தாய் என்று அவள் சொன்னதையும் யாரும் நம்பவில்லை. கடத்தல்காரனுக்குக் கூட்டாளி என்றார்கள். குழந்தையை அரசாங்கக் காப்பகத்தில் சேர்த்தார்கள். ரத்தப் பரிசோதனை செய்து உண்மையான பெற்றோர் யாரென்று முடிவு வரும்வரை அது அங்கேதான் இருக்க வேண்டும் என்றார்கள்.

செய்தியைக் கேட்ட அன்று தெய்வானை காபி போடவில்லை. அடித்தார்கள் என்றதும் மகிழ்ந்த மனசு, குழந்தை என்றதும் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றது. அவன் உயிரோடு இருக்கிறானே, ஆறுச்சாமி இல்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இரண்டு நாளில் மைதிலி அவள் வீடு தேடி வந்தாள். வாசலிலேயே நின்றாள். மார்புப் பக்கம் சேலை நனைந்திருந்தது.

"எம்பேரு மைதிலிங்க. தயாபரனோட சம்சாரம்."

"எதுக்கு வந்தே? எழுதுனத அழிக்கச் சொல்றதுக்கா? அழிக்க முடியாதாம். உம்புருசன்தான் சொன்னான்."

"தெரியுங்க்கா. அவரு உங்களுக்குப் பண்ணுனது என்னன்னும் எனக்குத் தெரியும். குழந்தை வயித்துல இருந்தப்ப அந்த முகவரியப் பெருமையா எங்கிட்டக் காட்டுனாரு. 'இதுல ஒரு பொம்பளை இருக்காளே'ன்னு கேட்டேன். 'பேருதான, ஆளா?'ன்னாரு." அவள் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "நான் அவருக்காக வரல. குழந்தை புட்டிப்பால் குடிக்க மாட்டேங்குதாம். என்னை உள்ள விட மாட்டேங்கறாங்க. அந்தக் கட்டுரைய எழுதுனவங்க நேர்ல வந்து, நான் எழுதுனது இன்னதுதான்னு சொன்னா யோசிக்கறேன்னு அங்க மேடம் சொல்றாங்க."

"நான் வரலைன்னா?"

"வரலைன்னா நான் என்னங்க பண்ண முடியும்?" என்றாள் மைதிலி. "வாசல்லயே நிப்பேன்."

தெய்வானை உள்ளே போனாள். ஆறுச்சாமியின் போட்டோவைப் பார்க்காமல் சேலையை மாற்றினாள். பிள்ளைகள் சாப்பிடுவதற்காகவே இருபது வருடம் அடுப்படியில் நின்றவள். ஒரு குழந்தை தன்னால் பட்டினி கிடக்கிறது என்பதை அவளால் சுமக்க முடியவில்லை. ஆனால் மன்னித்துவிட்டுக் கிளம்பவில்லை. அதையும் மைதிலியிடம் சொல்லிவிட்டாள்.

"உம்புருசனை நான் மன்னிக்கல. அது வேற. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க்கா."

காப்பகத்தின் அதிகாரி நூர்ஜஹான், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று கட்டுரைகளையும் வரி வரியாகப் படித்தார். முடித்துவிட்டுத் தெய்வானையை நிமிர்ந்து பார்த்தார்.

"இத எழுதுன உங்களுக்கு அவரு மேல எவ்வளவு கோவம்னு தெரியுதும்மா. ஆனா நீங்க எழுதினது அவருக்குச் சாதகமாத்தான் இருக்கு. குழந்தையக் கூட்டிட்டுப் போகட்டும். பரிசோதனை முடிவு வந்தா நான் பைல்ல சேர்த்து வெச்சுக்கறேன்."

மைதிலி கையெழுத்துப் போட வேண்டிய தாள்கள் நிறைய இருந்தன. குழந்தை அவள் மடியிலேயே பால் குடித்துவிட்டு மறுபடி சிணுங்கியது. "கொஞ்சம் வெளிக்காத்துல வெச்சிருங்க்கா, இதோ வந்தர்றேன்," என்று அவள் குழந்தையைத் தெய்வானையிடம் கொடுத்தாள். தெய்வானை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். பால் வாசனையும் வெதுவெதுப்புமாக அது அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்தது. முதுகைத் தட்டிக்கொண்டே வாசல் கதவைத் தாண்டித் தெருவுக்கு வந்தாள்.

எதிர்ப்புறம் ஒரு டீக்கடை. தள்ளி ஓர் ஆட்டோ நின்றது. அதில் தயாபரன் உட்கார்ந்திருந்தான். யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாதென்று தலையில் தொப்பியும் வாயையும் மூக்கையும் மூடிய முகமூடியுமாக இருந்தான். முகம் தெரியாதவரை சொல்லியால் அவனைப் பெயர் சொல்ல முடியாது.

டீக்கடையில் நின்ற ஒருவர் தெய்வானையைப் பார்த்தார். காப்பகத்திலிருந்து குழந்தையோடு வருகிற இந்த அம்மா யார் என்று ஏதோ ஆர்வத்தில் கேட்டிருக்க வேண்டும். அவர் டம்ளரை வைத்துவிட்டுச் சொல்லியைச் சத்தமாகப் பேசவைத்தார்.

"தெய்வானை. பிள்ளைகளுக்கு விஷம் வைத்தவர். தயாபரனின் குழந்தையைக் கடத்தியவர்."

தெய்வானை நின்ற இடத்திலேயே நின்றாள். ஒரு கணத்தில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முகவரி என்றால் வலைப்பூவின் பெயரும் சேர்ந்ததுதான். தெய்வானை, தயாபரன், குழந்தை, கடத்து. யார் யாரை என்ன செய்தார் என்று காட்டுகிற வாலையெல்லாம் அவளே கிள்ளி எறிந்திருந்தாள். இத்தனை நாளும் சொல்லி அவள் பெயரை எழுதியவளின் பெயராக எடுத்துக்கொண்டிருந்தது. இப்போது அந்தக் குழந்தையை அவள் கையிலேயே பார்த்துவிட்டது.

"கொழந்தையக் கீழ வெய்யி!" என்று ஒருவன் கத்தினான். ஆட்கள் சாலையைக் கடந்து ஓடிவந்தார்கள்.

"நான் கடத்தலீங்க. இவங்கம்மா உள்ளதான் இருக்கறாங்க," என்றாள் தெய்வானை. யாரோ அவள் தலைமயிரைப் பிடித்தார்கள். அவள் குழந்தையை விடாமல் அணைத்தபடி குனிந்தாள். முதுகில் அடி விழுந்தது.

ஆட்டோவிலிருந்து தயாபரன் இறங்கி வருவதை அவள் பார்த்தாள். கூட்டம் வழிவிட்டது. டீக்கடையில் நின்றவர் அவனைக் கேட்டார்.

"நீங்க யாருங்க? உங்களுக்கு இந்தக் கொழந்தையத் தெரியுமா?"

தயாபரன் முகமூடியைக் கீழே இறக்கினான். உடைந்த பற்களும் வீங்கிய உதடும் தெரிந்தன. அவன் தெய்வானையின் கண்ணைப் பார்த்தான். அவளுக்காக ஒரு வார்த்தை பேச அவனுக்கு அவகாசம் இருந்தது.

"எங்குழந்தைதாங்க," என்றான். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவள் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு ஒதுங்கி நின்றான்.

பிறகு விழுந்த அடிகள் தெய்வானைக்குத் தனித்தனியாகத் தெரியவில்லை. மைதிலியின் அலறல் மட்டும் கேட்டது. அவள் ஓடிவந்து தெய்வானையின் மேல் விழுந்து மூடிக்கொண்டாள். நூர்ஜஹானும் காவலாளியும் பின்னால் வந்து ஆட்களை இழுத்துத் தள்ளினார்கள். "நான்தான் தாய்! நான்தான் இவங்ககிட்டக் குழந்தையக் குடுத்தேன்!" என்று மைதிலி தொண்டை கிழியக் கத்தினாள். அதிகாரியும் ஆமாம் என்றதும் கூட்டம் கையை இறக்கியது.

மைதிலி எழுந்தாள். கணவன் எங்கே நிற்கிறான், எத்தனை நேரமாக நிற்கிறான் என்று பார்த்தாள். குழந்தையை அவன் கையிலிருந்து வாங்கினாள். தெய்வானையைக் கைத்தாங்கலாகப் பிடித்து ஆட்டோவில் ஏற்றித் தானும் ஏறினாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போங்கண்ணா."

"சாரு வரலீங்களா?" என்று ஓட்டுநர் கேட்டார்.

"நீங்க போங்க."

ஆட்டோ திரும்பும்போது தெய்வானை வலியோடு தலையைச் சாய்த்துப் பின்னால் பார்த்தாள். கூட்டம் இன்னும் கலையவில்லை. நூர்ஜஹான் உள்ளே போய்விட்டிருந்தார். தயாபரன் சாலை நடுவில் வெறுங்கையோடு, முகமூடியை மேலே இழுத்துக்கொள்ள மறந்து நின்றான். டீக்கடையில் நின்றவர் மெதுவாக அவன் பக்கம் திரும்பினார். முகத்தை உற்றுப் பார்த்தார். விரலைக் காதுக்குக் கொண்டுபோனார்.

வண்டியை நிறுத்தச் சொல்லத் தெய்வானை வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.